சுவரோடு போன சைக்கிள்

ஒரு வீட்டுச் சுவரைக் கழற்றிச் சைக்கிளில் மாட்டி, அந்தச் சைக்கிளை ஒரு கை விளங்காத பையனிடம் கொடுத்து மலை உச்சிவரை ஓட்டவைத்து, பொழுது சாய்வதற்குள் சுவரைப் பழைய இடத்திலேயே பொருத்திவிட்டு, கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்த ஆள் இந்தப் பூமியில் நான் ஒருவன்தான். இன்னொருவன் இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள். என் பல்செட்டைக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டு மிச்சக் காலத்துக்கு வாயை மூடிக்கொள்கிறேன்.

நான் மலைப்பாதையில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். மலைப்பாதை டிரைவர்கள் பொய் சொல்ல மாட்டோம். நடந்ததைக் கொஞ்சம் வளர்த்துச் சொல்வோம், அவ்வளவுதான். ஒரு தடவை மூடுபனி கெட்டியாக நின்றுவிட்டது, கண்டக்டர் இறங்கிக் கத்தரியால் வெட்டிக்கொண்டே முன்னால் போக நான் பின்னாலேயே வண்டியைக் கொண்டுபோனேன் என்று சொன்னால், கேட்பவர்கள் சிரித்துவிட்டு எனக்கு ஒரு டீ வாங்கித் தருவார்கள். நட்டநடு வளைவில் ஒரு ஆடு கைகாட்டி நிறுத்தியது, ஜன்னலோர இடம் இல்லை என்றதும் கோபித்துக்கொண்டு இறங்கிப் போனது என்றாலும் சிரிப்பார்கள். சுவர்க் கதைக்கும் எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காதவர் ஒரே ஒருவர்தான். என் தங்கையின் கணவர், எனக்கு மாப்பிள்ளை. நான் அந்தக் கதையை எடுத்தாலே, "அது நடக்கவே இல்ல மச்சான்" என்பார். குரலை உயர்த்த மாட்டார். தட்டில் இருப்பதைப் பார்த்தபடியே சொல்லிவிட்டு, அதையே மென்று விழுங்குவார்.

அவரைப் பற்றி ஒன்று தெரிந்தால் மற்றதெல்லாம் விளங்கிவிடும். பேரிங் செய்கிற தொழிற்சாலையில் அவர் தரப் பரிசோதகராக இருந்தார். இறுக்கிய நட்டு ஒவ்வொன்றையும் சோதித்து, சரி என்று பட்டால் நட்டின் மேலும் அது உட்கார்ந்திருக்கிற இரும்பின் மேலுமாகச் சேர்த்துச் சிவப்புப் பெயிண்டால் மெல்லிசாக ஒரு கோடு இழுப்பார். பிற்பாடு யாராவது அந்த நட்டைத் தொட்டுத் திருகினால் கோடு இரண்டாக விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். கோடு நேராக இருந்தால் அவர் பார்த்தது பார்த்தபடி இருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தார். மின்விசிறிக்குக் கோடு, குழாய்க்குக் கோடு, தையல் மெஷினுக்குக் கோடு. கல்யாணமான புதிதில் என் தங்கையின் நெற்றியில் கோடு போடாமல் விட்டாரே என்று நாங்கள் பெருமூச்சு விட்டோம். முதுகுக்குப் பின்னால் அவருக்குச் 'சிவப்புக்கோடு' என்று பெயர் வைத்ததும் நான்தான். அவர் காதிலும் விழுந்திருக்கும். அதைப் பட்டம் மாதிரி எடுத்துக்கொண்டிருப்பார்.

போன மாதம் தங்கை போன் செய்தாள். அவள் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசாதவள். குடும்பத்துக்கென்று ஒதுக்கிய பேச்சையெல்லாம் நானே பேசித் தீர்த்துவிட்டேன் போலிருக்கிறது.

"அண்ணே, அவர் சைக்கிளை இறக்கப் போறார். வாங்கினப்ப இருந்த மாதிரி ஆக்கப் போறாராம். நீ வந்து பக்கத்துல நில்லு."

"நின்னு என்ன பண்ண?"

"தெரியல. வா."

போனேன். என் முழங்கால்கள் இரண்டும் இப்போது வானிலை அறிவிப்பு நிலையங்களாகிவிட்டன. ஆனாலும் போனேன்.

அவர்கள் வீட்டின் பின்பக்கம் சாமான் அறை ஒன்று உண்டு. அதன் சுவரில் இருபது வருடத்துக்கும் மேலாக அந்தச் சைக்கிள் தொங்கிக்கொண்டிருக்கிறது. மவுண்டன் பைக். இரும்புச் சட்டம், பொத்தான் பொத்தானாக முட்டிக்கொண்டு நிற்கிற டயர், கத்தரிப்பூ நிறம். அதன்மேல் இளஞ்சிவப்பில் தெறித்த புள்ளிகள், யாரோ பல் விளக்கிக்கொண்டே தும்மிவிட்ட மாதிரி. அந்தக் காலத்தில் அதுதான் அழகு. இப்போது அந்த வகை வண்டிகளைத் தேடி அலைகிற ஒரு கூட்டமே இருக்கிறதாம். தொழிற்சாலையிலிருந்து வந்தபடி இருந்தால் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுவார்களாம், ஒரு திருகு மாறியிருந்தாலும் மூக்கைச் சுளிப்பார்களாம். மாப்பிள்ளைக்கு அந்தக் கூட்டத்தோடு எந்தச் சகவாசமும் கிடையாது. அவருக்கு வேண்டியது வேறு. முன் அறையில் அவர் மகனுடைய படம் மாட்டியிருக்கிறது. பதினேழு வயதில், புதுச் சைக்கிளில் உட்கார்ந்து, ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். அந்தப் படத்துக்குக் கீழே அந்தச் சைக்கிள் அப்படியே நிற்க வேண்டும். படத்தில் இருக்கிற ஒவ்வொரு பாகமும் கீழேயும் இருக்க வேண்டும். நடுவில் நடந்த எதுவும் இருக்கக் கூடாது.

நடுவில் நடந்தது இதுதான். என் மருமகனுக்கு இருபதாவது வயதில் வலது கைப் பெருவிரல் பேச்சுக் கேட்காமல் போனது. பிறகு மற்ற விரல்கள். டாக்டர்கள் ஒரு பெயர் சொன்னார்கள். என் பேருந்தின் பக்கவாட்டில் எழுதினால் முன்னால் ஆரம்பித்துப் பின்சக்கரம்வரை வரும், அவ்வளவு நீளம். சதை ஒவ்வொன்றாக உருகிப் போகும், மூளை மட்டும் கடைசிவரை விழித்திருந்து வேடிக்கை பார்க்கும், அதுதான் அந்த நோய். மருந்து இல்லை என்பதையும் சொல்லிவிட்டுத்தான் அனுப்பினார்கள்.

அவன் சைக்கிளை விடவில்லை. வலது கை போனதும் நான் இரண்டு பிரேக் கம்பிகளையும் இழுத்து இடது பக்கத்தில் ஒரே லீவரில் கோத்துக்கொடுத்தேன். கியர் மாற்றுகிற பொத்தானை நடுவில் கொண்டுவந்து வைத்தேன், மணிக்கட்டால் தள்ளிக்கொள்ளலாம். குனிந்து உட்கார முடியாமல் போனதும் தாழ்ந்த ஹேண்டில்பாரைக் கழற்றிவிட்டு, தபால்காரர் வண்டியிலிருந்து வளைந்து உயர்ந்த ஒன்றைப் போட்டேன். முதுகு துவண்டதும் பேருந்தில் கண்டக்டர் சாய்ந்துகொள்கிற மெத்தையைக் கழற்றிச் சீட்டுக்குப் பின்னால் கட்டினேன். கண்டக்டர் அதற்கப்புறம் ஓய்வு பெறும்வரை நின்றுகொண்டே டிக்கெட் கொடுத்தார். இடது கால் பெடலிலிருந்து நழுவ ஆரம்பித்ததும், பயணிகள் பிடித்துத் தொங்குகிற தோல் வாரை வெட்டிவந்து பாதத்தைப் பெடலோடு சேர்த்துக் கட்ட வழிசெய்தேன். அந்தச் சைக்கிளை வடிவமைத்தவன் அன்றைக்கு வந்து பார்த்திருந்தால் என் காலில் விழுந்திருப்பான், இல்லாவிட்டால் என்னைப் போலீசில் பிடித்துக் கொடுத்திருப்பான்.

மாப்பிள்ளைக்கு ஒவ்வொன்றும் நெஞ்சில் ஆணி. எதையும் தடுக்கவில்லை. ஆனால் நான் கழற்றிப் போட்ட ஒவ்வொரு பாகத்தையும் பொறுக்கியெடுத்துத் துடைத்து, எண்ணெய்த் தாளில் சுற்றி, ஒரு பெரிய பிஸ்கட் டப்பாவில் வைத்துக்கொண்டே வந்தார். மகன் குணமானதும் திரும்பப் போட வேண்டுமே. ஒருநாள் அவர் வாயிலிருந்து வந்துவிட்டது: "இது இப்ப சைக்கிள் இல்ல மச்சான், ஊன்றுகோல்." பையன் வாசற்படியில் நின்றிருந்தான். கேட்டுவிட்டுச் சிரித்தான். "ஊன்றுகோலுக்கு எங்கப்பா கியர் இருக்கு" என்றான்.

பிறகு மார்க்கெட் முனையில் விழுந்தான். கழுத்தெலும்பு முறிந்தது. பின்னால் வந்த வேன் அவன் தலைக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. இதை நான் வளர்க்கவில்லை, ஒரு சாண்தான்.

அன்றைக்கே மாப்பிள்ளை முடிவுகட்டிவிட்டார். தடித்த பலகை ஒன்றை அறுத்து, இரண்டு பக்கமும் பச்சைப் பெயிண்ட் அடித்தார். சுவரைப் பார்த்திருக்கப் போகிற பக்கத்துக்கு எதற்குப் பெயிண்ட் என்று கேட்டால், இரண்டு பக்கமும் பலகைதானே என்பார். பலகையைச் சாமான் அறைச் சுவரில் நான்கு திருகாணி போட்டு முடுக்கினார். சைக்கிளின் மேல்குழாயைச் சுற்றி ஓர் இரும்புப் பட்டையைப் போட்டு, பலகையோடு சேர்த்து போல்ட்டால் இறுக்கினார். நட்டின் மேல் சிவப்புக் கோடு. பூட்டு வேண்டாமா என்றேன். பூட்டு என்பது மகனைச் சந்தேகப்படுவது என்றார். கோடு போதும்.

சாமான் அறைக்கு எதிர் அறையில்தான் பையனின் கட்டில். கதவு திறந்திருந்தால் படுத்தபடியே பின்சக்கரம் தெரியும். தினமும் வேலைவிட்டு வந்ததும் மாப்பிள்ளை செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் போய்க் கோட்டைப் பார்ப்பார். நேராக இருக்கும். மகன் பத்திரமாக இருக்கிறான் என்று அர்த்தம்.

"அப்பா, இன்னும் ஒரு கை இருக்குல்ல" என்று பையன் கேட்டதும், "அந்த ஒண்ணாவது இருக்கட்டும்னுதான்டா" என்று அவர் சொன்னதும் எனக்குத் தெரியும். நான் அந்த அறையில்தான் இருந்தேன். அதைச் சொன்னபோது அவர் மகனைப் பார்க்கவில்லை.

எலும்பு கூடிய பிறகு வந்த கோடைக்காலத்தில் மாப்பிள்ளையின் சொந்தக்காரர் ஒருவருக்கு வேறு ஊரில் ஆபரேஷன். அவரும் தங்கையும் ஒருநாள் போய்வர வேண்டியதாயிற்று. பையனுக்குக் காவல் நான். பாலுக்குப் பூனை மாதிரி என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் யோசனை என்னுடையது இல்லை, சத்தியமாக. படுத்துக்கொண்டே பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன், மெதுவாகத்தான் சொன்னான்.

"மாமா, கோடு நட்டுலதான இருக்கு. சுவத்துல இல்லையே."

பரிசோதகர் பெற்ற பிள்ளை அல்லவா. நான் எழுந்து போய்ப் பார்த்தேன். நான்கு திருகாணியும் அம்மணமாக நின்றன. மாப்பிள்ளையின் தொழிற்சாலையில் மெஷினிலிருந்து நட்டு கழன்றிருக்கிறது, கட்டடத்திலிருந்து சுவர் கழன்றதில்லை. அதனால் சுவரை அவர் சோதிக்கவில்லை.

பலகையோடு, பட்டையோடு, கோடு போட்ட நட்டோடு அப்படியே கழற்றி இறக்கினோம். சுவரிலிருந்து பெயர்ந்த காரை பலகையில் ஒட்டிக்கொண்டு வந்தது. ஆகவே சுவர் என்று நான் சொல்வதில் தவறில்லை. அன்று மதியம் எனக்குக் காலிவண்டி. பணிமனையில் பழுதுபார்த்ததை மலைப்பாதையில் ஒருதடவை ஓட்டிப் பார்த்துவர வேண்டும். பேருந்தின் பின்வாசல் வழியாகச் சைக்கிளையும் பையனையும் ஏற்றி, அடிவாரத்தில் இறக்கினேன். மெத்தையில் சாய்த்து உட்காரவைத்து, இடது பாதத்தை வாரால் கட்டி, லேசாக ஒரு தள்ளுத் தள்ளினேன்.

ஏறினான். மிகச் சிறிய கியரில், நத்தை பார்த்தால் கொட்டாவி விடுகிற வேகத்தில். பலகை மேல்குழாயின் இடது பக்கத்தில் கதவு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மிதிக்கும் இடது முழங்காலைத் தவளை மாதிரி வெளியே விரித்துத்தான் போட வேண்டியிருந்தது. அவன் பின்னாலேயே பேருந்தை முதல் கியரில் ஊர்ந்துகொண்டு வந்தேன். களைத்துப்போனால் காலை ஊன்ற முடியாது, ஒன்று கட்டியிருக்கிறது, மற்றதற்குத் தனியாகத் தாங்க வலு இல்லை. அதனால் தலையை ஒரு பக்கம் சாய்ப்பான். நான் வண்டியைப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவேன். பேருந்தின் தகரத்தில் தோளைச் சாய்த்துக்கொண்டு மூச்சு வாங்குவான். உள்ளே இன்ஜின் ஓடுவது அவன் பல்லில் தெரியும். பிறகு முழங்கையால் தகரத்தில் ஒரு தட்டு. கிளம்பலாம் என்று அர்த்தம், கண்டக்டர் மாதிரி.

பின்னாட்களில் இந்தக் கதையைச் சொல்லும்போது நான் பேருந்தில் ஆட்களை ஏற்றினேன். முதலில் பத்துப் பேர், பிறகு கூரைமேலும் ஆட்கள், பிறகு ஒரு பெண்மணி பாதி மலையில் பிரசவித்து, குழந்தை பிறந்ததும் சைக்கிளைப் பார்த்துக் கைதட்டியது. உண்மையில் யாரும் இல்லை. காலி இருக்கைகளும் நானும்தான்.

உச்சியில் டிவி கோபுரத்துக்குக் கீழே வந்து நின்றதும் வாந்தி எடுத்தான். வாயைத் துடைத்துவிட்டேன். கீழே ஊர் முழுதும் தெரிந்தது. அவன் அதையெல்லாம் பார்க்கவில்லை. சைக்கிளின் நட்டைத்தான் பார்த்தான். கோடு நேராக இருந்தது.

"மாமா, நீங்க அப்பாகிட்ட சொல்லாதீங்க. நானே சொல்றேன். நான் சொன்னா இறக்கிக் குடுத்துடுவார்."

இருவரையும் பேருந்திலேயே ஏற்றி வீடு கொண்டுவந்து, சாயங்காலம் சுவரைப் பொருத்தினேன். ஓட்டை தளர்ந்துபோயிருந்ததால் தீக்குச்சிகளை ஒடித்துச் செருகி அதன்மேல் திருகாணியை முடுக்கினேன். காரை பெயர்ந்த இடத்தைப் பற்பசையால் பூசினேன். மலை ஏறிய பையனை விட அந்தப் பற்பசைப் பூச்சுக்குத்தான் நான் அதிகம் வியர்த்தேன்.

சில நாள் கழித்து அவன் அப்பாவிடம் சொன்னான். நான் அங்கே இருந்தேன். மாப்பிள்ளை எழுந்து சாமான் அறைக்குப் போனார். திரும்பி வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"கோடு அப்படியே இருக்கு. உன் மாமா மாதிரி நீயும் கதை விடாதடா."

நான் குறுக்கே விழுந்து, பலகையைக் கழற்றிப் பாருங்கள் மாப்பிள்ளை என்றேன். நேராக இருக்கிற கோட்டைச் சந்தேகப்பட ஆரம்பித்தால் பிறகு எதைத்தான் நம்புவது என்று கேட்டார். நான் விடவில்லை, அழுத்தி அழுத்திச் சொன்னேன். சொல்லும்போதே எனக்குத் தெரியாமல் ஒரு பயணி பேருந்தில் ஏறிவிட்டார். மாப்பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டார். யார் அந்தப் பயணி, கூட்டிவாருங்கள் என்றார். பையன் கண்ணை மூடிக்கொண்டான். அதன்பிறகு அப்பாவிடம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

இரண்டு வருடம் அந்தக் கட்டிலில் கிடந்தான். கால் போயிற்று, இடது கை போயிற்று, குரல் போயிற்று, கடைசியில் மூச்சு போயிற்று. கதவு எப்போதும் திறந்தே இருந்தது.

அதற்குப் பிறகு தங்கை ஒவ்வொரு வருடமும் அவன் நினைவு நாளில் என்னை அந்தக் கதையைச் சொல்லச் சொல்வாள். நான் சொல்வேன். அவள் கண்ணில் வெளிச்சம் வரும்வரை வளர்ப்பேன். அவள் கணவர் ஒவ்வொரு வருடமும் அதே வாக்கியத்தைச் சொல்வார். ஏன் அத்தனை பிடிவாதம் என்று எனக்கு விளங்காமல் இல்லை. பையனால் ஓட்டவே முடிந்திருக்காது என்றால், அவர் சைக்கிளை மாட்டிவைத்ததில் யாருக்கும் ஒன்றும் குறையவில்லை. அவன் ஓட்டினான் என்று ஆகிவிட்டால், ஓட்ட முடிந்த காலத்தில் அவனைப் படுக்கவைத்ததும் அவர், உண்மை சொன்னவனைப் பொய்யன் என்றதும் அவர். அந்தக் கோடு நேராக இருந்தாக வேண்டும். அதன்மேல்தான் அவர் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

இப்போது அதே சாமான் அறையில் தரையில் ஒரு பழைய போர்வை விரித்திருந்தது. பிஸ்கட் டப்பாவிலிருந்து எடுத்த பாகங்களை வரிசையாக வைத்திருந்தார்: தாழ்ந்த ஹேண்டில்பார், இரண்டு லீவர், முதல் சீட்டு, பல் முளைத்த பெடல்கள். எண்ணெய்த் தாளிலிருந்து பிரித்தபோது அன்று வாங்கியது போல மின்னின. ஓரத்தில் உப்புத்தாள், கத்தரிப்பூ நிறப் பெயிண்ட், தெறிக்கவைக்க ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ். தங்கை கதவோரம் நின்றாள். நான் என்னால் ஆன உபத்திரவங்களை எல்லாம் செய்தேன். ஸ்பேனர்மேல் உட்கார்ந்தேன். கண்டக்டர் மெத்தைக்கு இன்று உலகச் சந்தையில் இருக்கிற மரியாதையைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். அவர் என்னைத் தூக்காத குறையாக நகர்த்திவிட்டு ஸ்பேனரை எடுத்தார்.

நட்டின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். அந்தக் கோட்டை உடைக்கப் போவது அவருடைய கையேதான். ஸ்பேனரைப் போட்டுத் திருகினார். நட்டு அசையவில்லை. துரு உள்ளேயே ஊறிப் போல்ட்டும் நட்டும் ஒரே கட்டியாகியிருந்தன. எண்ணெய் விட்டார், தட்டினார், முழு உடம்பையும் கொடுத்தார். கடைசியில் மூச்சிரைக்கத் திரும்பினார்.

"பலகையோட இறக்கித்தான் ரம்பத்தால அறுக்கணும். வேற வழியில்ல."

"நாங்களும் அப்படித்தான் இறக்கினோம்" என்றேன். வாயை அடக்க முடிந்தால் நான் ஏன் நானாக இருக்கிறேன்.

அவர் ஸ்பேனரை வைத்துவிட்டுத் திருப்புளியை எடுத்தார். முதல் திருகாணியைக் கழற்றினார். கூடவே ஓட்டையிலிருந்து தீக்குச்சித் துண்டுகள் உதிர்ந்தன. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். இரண்டாவதிலும் குச்சி. பலகையின் மேல்விளிம்பில் வெள்ளையாகக் காய்ந்து கிடந்ததை நகத்தால் சுரண்டி முகர்ந்தார். இத்தனை வருடத்துக்கு அப்புறம் புதினா வாசனை எங்கே இருக்கப் போகிறது. ஆனால் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"இறக்கியிருக்கீங்க. சரி. வீட்டுக்குள்ள வச்சு அவனை உக்காத்தி வச்சிருப்பீங்க. ஆசைக்கு" என்றார்.

அவர் சொன்னது தர்க்கப்படி நியாயம். குச்சி, பலகை இறங்கியதற்குத்தான் சாட்சி.

இருவருமாகச் சைக்கிளைப் பிடித்து இறக்கினோம். பையனைவிட அது கனத்தது. ரம்பம் போட வசதியாக வலது பக்கமாகச் சாய்த்துப் போர்வையில் கிடத்தினார். பலகையின் பின்பக்கம், சுவரைப் பார்த்தே கிடந்த பக்கம், மேலே வந்தது. அவர் ரம்பத்தைப் பட்டையில் வைத்தார். வைத்த கை அப்படியே நின்றுவிட்டது.

நானும் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறேன். அன்றைக்கு அவசரத்தில் பொருத்தியவன் அதையெல்லாம் எங்கே கவனித்தேன். அந்தப் பக்கத்தில் பச்சைப் பெயிண்ட் முழுதாகவே இருந்தது, ஒரு இடம் தவிர. அந்த இடத்தில் வில் மாதிரி வளைந்து, ஒரு கையகலத்துக்குப் பெயிண்ட் தேய்ந்து மரம் தெரிந்தது. வெறுமனே சுரண்டிய மாதிரி இல்லை. மரமே வழவழவென்று மெருகேறியிருந்தது. வில்லின் கீழ்முனையில் காப்பிக்கறை நிறத்தில் ஏதோ ஊறியிருந்தது. விளிம்பில் எழும்பியிருந்த மரச் சிலாம்பில் நீல நூல் இழைகள் சிக்கியிருந்தன.

அவர் ரம்பத்தைக் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்து தொழிற்சாலைக் காலத்துப் பூதக்கண்ணாடியை எடுத்தார், வேலையை விட்டாலும் அதை விடவில்லை. முட்டி போட்டுக் குனிந்து பார்த்தார். விரலால் அந்த வில்லை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தடவினார். பிறகு இடது பெடலைக் கையால் பிடித்து மெதுவாகச் சுற்றினார். துருப்பிடித்த அச்சு முனகியது. பெடல் மேலே வந்தது, கீழே போனது. அதற்கேற்ற மாதிரி முழங்கால் எங்கே வரும், எங்கே போகும் என்று அவர் கண் அந்த வில்லின்மேல் ஏறி இறங்கியது. பல தடவை. உலோகம் உலோகத்தைத் தேய்ப்பதைப் பார்த்தே காலம் கழித்தவர். எது எவ்வளவு நேரம் எதன்மேல் உரசினால் இப்படி ஆகும் என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் என் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக எதையும் சொல்லாமல் நின்றேன்.

கதவோரத்திலிருந்து தங்கை பேசினாள்.

"புண்ணு இருந்துச்சு."

அவர் தலையைத் தூக்கவில்லை. "எங்க?"

"முழங்காலுக்கு உள்பக்கம். தோல் உரிஞ்சு போயிருந்துச்சு. கட்டில் கம்பி உரசிடுச்சும்மான்னான். நான்தான் மருந்து போட்டேன்."

"எந்தக் கால்?"

"இடது."

"எப்ப?"

"நாம ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்தோமே, அதுக்கு மறுநாள். அந்த நீல பேன்ட்டையும் காணோம். தேடித் தேடிப் பார்த்தேன்."

பேன்ட்டை நான்தான் பேருந்து நிலையக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்துவிட்டார். பிஸ்கட் டப்பாவின் பாகங்களுக்கு நடுவில், அந்தத் தாழ்ந்த ஹேண்டில்பாரின் மேலேயே உட்கார்ந்துவிட்டார், தெரியாமல். தெருவில் ஒரு குப்பை வண்டி வந்து நின்று, கிளம்பிப் போயிற்று.

"மச்சான், அதுக்கப்புறம் உங்ககிட்ட கேட்டானா? இன்னொரு தடவ போலாம்னு?"

அங்கேதான் எனக்குச் சோதனை வந்தது. இத்தனை வருடம் ஆட்டை ஏற்றி, குழந்தையைப் பிறக்கவைத்து, மூடுபனியை வெட்டிய வாய் இது. இல்லை மாப்பிள்ளை, ஒரு தடவை போனதே போதும் என்றுதான் சொன்னான், நிம்மதியாக இருந்தான் என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். எனக்கு அது எச்சில் விழுங்குகிற அளவு லேசான வேலை. அவரும் அதற்காகத்தான் என்னைப் பார்த்தார். காலமெல்லாம் நம்பாத என் வாயை அன்றைக்கு நம்பத் தயாராக இருந்தார். ஆனால் அவர் மகன் சொன்ன ஒரே உண்மையைக் கெடுத்தது நான் ஏற்றிய அந்த ஒரு பயணிதான். இன்னொருவரை ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

"கேட்டான். நான் வந்தப்பல்லாம் கேட்டான். பேச்சு போனப்புறம் சக்கரத்தைப் பார்த்துட்டு என்னைப் பார்ப்பான்."

அவர் தலையை ஆட்டினார். கணக்குச் சரியாக வந்துவிட்ட மாதிரி ஆட்டினார். அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பிறகு எழுந்தார். போர்வையில் கிடந்த பாகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அதே எண்ணெய்த் தாளில் சுற்றி, டப்பாவில் போட்டு மூடினார். உப்புத்தாளை மடித்து வைத்தார். அலமாரியின் மேல்தட்டில் கைவிட்டுத் துழாவி ஒரு சிறிய டப்பாவை எடுத்தார். சிவப்புப் பெயிண்ட். மேலே தோல் படிந்திருந்தது, குச்சியால் கிழித்துக் கலக்கினார். மெல்லிய பிரஷை நனைத்தார். நான் கோத்துவைத்த ஒற்றை பிரேக் லீவரின் நட்டை விரலால் அசைத்துப் பார்த்தார். கெட்டியாக இருந்தது. கோடு இழுத்தார். தபால்காரர் ஹேண்டில்பாரின் நட்டுக்கு ஒன்று. மெத்தையைப் பிடித்திருக்கிற நட்டுக்கு ஒன்று. பெடல் வாரின் திருகாணிக்கு ஒன்று. கோடுகள் நேராகத்தான் விழுந்தன, நான் பக்கத்தில் குனிந்து பார்த்தேன். பலகையைத் திருப்பவில்லை, அறுக்கவில்லை. தேய்ந்த பக்கம் வெளியே தெரிகிற மாதிரி சைக்கிளை நிமிர்த்தினார். நானும் ஒரு கை கொடுக்க, முன் அறைக்கு உருட்டிக்கொண்டு போய்ப் படத்துக்குக் கீழே நிறுத்தினோம். படத்தில் இருந்தவனுக்கும் கீழே நின்றதற்கும் எந்தப் பொருத்தமும் இல்லை. தங்கை பின்னாலேயே வந்து அந்த வில்லின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

மாப்பிள்ளை கையில் பிரஷோடு தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பெயிண்ட் சொட்டு அவர் காலில் விழுந்தது, கவனிக்கவில்லை.

"எங்கிட்ட சொன்னான்," என்றார். யாரிடம் என்று இல்லாமல். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வீட்டுக்குள்ள சுத்தினா இவ்வளவு தேயாது மச்சான். சுவத்தோட போயிருக்கான். உச்சி வரைக்கும் போயிருக்கான்."